நோட்டில் எழுதியிருந்தது

என் மனைவி ராத்திரி டூட்டி நர்ஸ். ஒன்பது வருஷமாக ராத்திரி மட்டும்தான். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம், அவங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று அவளுக்காக உச்சுக் கொட்டுவார்கள். எனக்காக இதுவரை ஒருவரும் உச்சுக் கொட்டியதில்லை. அதனால் அவள் கதையைச் சொல்கிற சாக்கில் என் புலம்பலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு என்று அவளே எழுதிக் கொடுத்து வாங்கிய டூட்டி இது. பையன் அப்போது சின்னவன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஓர் ஆள் வேண்டும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவன். காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. ஆறு மாதம் போனது, ஆறு வருஷம் போனது, பையனுக்கு மீசை முளைத்து வெளியூர் விடுதிக்கும் போய்விட்டான். டூட்டி மட்டும் மாறவில்லை. ராத்திரிக்கு ஒருத்தி தானாக வந்து மாட்டினால் எந்த ஆஸ்பத்திரி அவளை விடும்? கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பார்ப்போம் சிஸ்டர்" என்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. படுக்கை அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அழைப்பு மணியின் மேல் 'பகலில் அடிக்காதீர்கள்' என்று ஓர் அட்டை. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் ஒரு வருஷம் வரை என்னை மனைவி இல்லாதவன் என்றே நினைத்திருந்தார். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, "எத்தனை நாளுக்கு சார் இப்படித் தனியா? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோங்க" என்று புத்தி சொன்னார். உள்ளே தூங்குகிறவளை எழுப்பிக் காட்டவா முடியும்?

அவள் மாலை ஆறே முக்காலுக்குக் கிளம்புவாள், நான் எட்டுக்கு வருவேன். காலையில் ஏழே முக்கால் பேருந்தைப் பிடித்தால் எட்டு ஐந்துக்கு வீடு. நான் எட்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் முப்பத்தைந்து நிமிஷம். அதில்தான் பையனின் படிப்பு, வீட்டுச் செலவு, சண்டை, சமாதானம், மூட்டு வலி எல்லாம். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது வந்து சேரும்போது நான் படி இறங்கிக்கொண்டிருப்பேன். "வந்துட்டியா?" "கிளம்பிட்டீங்களா?" அன்றைய குடும்பம் அவ்வளவுதான்.

மாதத்தில் இருபது நாள் அவள் பேருந்தை விட்டாள். காரணம் அலாரம்.

அலாரம் என்பது பகல் டூட்டியில் இருந்த மூத்த சிஸ்டருக்கு ராத்திரிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். ஏழரை மணி ஆக ஒரு நிமிஷம் இருக்கும்போது வார்டு வாசலில் நிற்பாள். கைப்பையை வைப்பதற்கு முன்பே குரல் வந்துவிடும். டூட்டி மாற்றும்போது இரண்டு பேரும் கட்டில் கட்டிலாக நடந்து, இவருக்கு இது ஆயிற்று, அவருக்கு இது பாக்கி என்று ஒப்படைக்க வேண்டும். இருபத்திரண்டு கட்டில். பதினைந்து நிமிஷ வேலை. அலாரத்துக்கு அரை மணி நேரம்.

"மூணாம் கட்டில் விரிப்பு ஏன் கசங்கியிருக்கு?"

"ஆள் படுத்திருக்காரு சிஸ்டர்."

"ஏழாம் கட்டில் தண்ணி ஜாடி காலியா இருக்கு."

"இப்பத்தான் குடிச்சாங்க."

"இதையெல்லாம் முடிச்சுட்டுப் போங்க சிஸ்டர். நீங்க போட்டுட்டுப் போறத அள்ளவா நாங்க வர்றோம்?"

என் மனைவி ஜாடியை நிரப்பிவிட்டு வந்து பார்த்தால் பேருந்து போயிருக்கும். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவாள்? நான் ஒருவன்தானே இருக்கிறேன், அதுவும் படிக்கட்டில்.

ஆனால் அலாரத்தை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். கிட்டப்பார்வைக் கண்ணாடி மாற்ற எங்கள் கடைக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஆஸ்பத்திரிப் பெயரையும் வார்டையும் பார்த்து, அந்தக் குரலையும் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியாது. காதில் கண்ணாடியை மாட்டி அளவு பார்க்கையில் அவளாகவே சொன்னாள். "பகல்ல நாலு டாக்டர், நாற்பது விசிட்டர், நிமிஷத்துக்கு ஒரு போன். சின்ன எழுத்தைப் படிச்சுப் படிச்சே கண்ணு போச்சுங்க. ராத்திரிக்காரங்களுக்கு என்ன, விளக்க அணைச்சா வேலை முடிஞ்சது." அவள் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. உட்காரச் சொன்னதும், உட்கார்ந்து வெகுநாள் ஆனவள் போல நாற்காலியில் விழுந்தாள். நான் கண்ணாடியின் காதுக் கம்பியை வளைத்துக் கொடுத்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. எதிரிக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு எதற்கு?

பகல்காரர்கள் செய்தால் மறதி, ராத்திரிக்காரர்கள் செய்தால் அலட்சியம். இந்தப் பக்கத்திலும் அப்படியே திருப்பிச் சொல்வார்கள். இதில் யார் யோக்கியம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நோட்டுதான்.

மேசை மேல் நீளமாக ஒரு நோட்டு உண்டு. போகிறவர்கள் வருகிறவர்களுக்கு எழுதி வைக்க வேண்டும். படித்ததற்கு அடையாளமாக வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாயால் சண்டை போட்டால் நோயாளிகள் காதில் விழும் என்று இவர்கள் சண்டையை நோட்டுக்கு மாற்றினார்கள். வாயால் திட்டினால் காற்றோடு போய்விடும். இது தேதி, நேரத்தோடு நின்றது. 'கத்தரிக்கோல் காணவில்லை. இரவுப் பணியாளர் கவனத்திற்கு.' அதற்குக் கீழே, 'கத்தரிக்கோல் பகல் பணியாளரின் சட்டைப் பையில் கண்டெடுக்கப்பட்டது.' இப்படிப் பக்கம் பக்கமாக. படித்தால் சிரிப்பு வரும், அங்கே வேலை செய்யாதவர்களுக்கு.

ஒருநாள் அலாரம் எழுதினாள்: 'இரவுப் பணியில் இருப்பவர்கள் விழித்திருந்தால் நோயாளிகளுக்கு நல்லது.'

அந்த ராத்திரி என் மனைவி மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை உட்கார வைத்துப் பிடித்தபடியே விடியும்வரை நின்றிருந்தாள். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே அந்த நோட்ட நான் படிக்க மாட்டேன். கையெழுத்து மட்டும் போடுவேன். அவளோடயும் பேச மாட்டேன்."

"சரியான முடிவு. படிச்சாத்தானே வயிறு எரியும்" என்றேன். நானும்தான் சொன்னேன்.

காலையில் ஒப்படைக்கும்போது வார்டுக்கே பொறுப்பான பெரிய சிஸ்டர் கண்ணில் படும் என்பதால் கட்டில் கட்டிலாக நடந்தார்கள். கேட்டதற்கு ஆம், இல்லை. மாலையில் பெரிய சிஸ்டர் வீட்டுக்குப் போயிருப்பார். யார் பார்க்கப் போகிறார்கள்? நடப்பது நின்றது. அலாரம் நோட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுப்பாள். இவள் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவாள். ஒரு மாதம் அப்படியே ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. பேருந்துகூட நாலு நாள் கூடுதலாகக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த நேரத்தில்தான் பகலில் ஓர் இடம் காலியானது. ஒரு சிஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட்டாள். பெரிய சிஸ்டர் என் மனைவியைக் கூப்பிட்டு, "உங்க பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன். சனிக்கிழமை லெட்டர் வந்துரும்" என்றார். அன்று நான் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரவில் என்ன செய்வோம் என்று பேசினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தூங்குவோம் என்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஜன்னலிலிருந்து கறுப்புத் துணியைக் கழற்றி மடித்து வைக்க நான் அப்போதே தயார்.

சனிக்கிழமைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

பதினான்காம் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர். பித்தப்பையில் கல். நாலு மாதம் காத்திருந்து, பள்ளிக்கூட விடுமுறையாகப் பார்த்து வந்து படுத்திருந்தார். துணைக்கு அவர் மனைவி. வாயில்லாப் பூச்சி. கட்டிலுக்குக் கீழே ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொள்வாள். அவருக்கு வியாழக்கிழமைதான் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். திங்கள் மாலை ஏழு மணிக்குச் சர்ஜன் போன் செய்தார். நாளைக்கு ஒரு கேஸ் ரத்து, பதினாலாம் கட்டிலை நாளைக் காலையே எடுத்துக்கொள்கிறேன், பாதி ராத்திரியிலிருந்து வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. போனை எடுத்தது அலாரம். நோட்டில் எழுதினாள். அதற்கு மேலே நாலு வரி, துண்டு துவைக்கப் போடாததைப் பற்றி. கீழே மூன்று வரி, அலமாரிச் சாவியைப் பற்றி. நடுவில் இது.

'வெறும் வயிறு' என்று ஓர் அட்டையைக் கட்டிலில் மாட்ட வேண்டும். உத்தரவு பகலில் வந்தால் பகல்காரர்கள் மாட்ட வேண்டும் என்பது ராத்திரிக்காரர்கள் கட்சி. பட்டினி ராத்திரியில்தானே தொடங்குகிறது, அவர்களே மாட்டட்டும் என்பது பகல்காரர்கள் கட்சி. அட்டை இழுப்பறையிலேயே இருந்தது. என் மனைவி வந்தாள். பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

காலை ஐந்தரைக்குப் பால் வண்டி. கட்டிலுக்கு ஒரு டம்ளர் பால், இரண்டு துண்டு ரொட்டி. இவள் ஊற்றி வைத்துக்கொண்டே போவாள், துணைக்கு இருப்பவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். டிரைவர் மனைவி ரொட்டியைப் பாலில் நனைத்துக் கணவருக்கு ஊட்டினாள்.

ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டிராலி வந்தது. "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா, பாலும் ரொட்டியும்" என்றார் டிரைவர். வந்த டிராலி அப்படியே திரும்பிப் போனது. மயக்க மருந்து டாக்டர் முடியாது என்றுவிட்டார். சர்ஜனுக்குத் திடீரென்று புதன்கிழமை ஊருக்குப் போகும்படி ஆனதால்தான் வியாழக்கிழமை கேஸை முன்னுக்கு இழுத்திருந்தார். இனி மூன்று வாரம் கழித்துத்தான். டிரைவருக்கு விடுமுறை முடிந்துவிடும். வலியோடு வேன் ஓட்ட வேண்டும்.

அப்போதுதான் என் மனைவி நோட்டைப் பிரித்துப் படித்தாள். அதற்குள் அலாரமும் வந்துவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசினார்கள், போர்வை அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில்.

"நீங்க படிக்கல."

"நீங்க சொல்லல."

"நேர்ல சொல்லாம நோட்டுல மட்டும் எழுதினா எனக்கும் மெமோதான். தெரியும்ல?" என்றாள் அலாரம்.

பெரிய சிஸ்டர் வந்தார். நோட்டைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். சர்ஜனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தப்பிக்க ஒரு வாசலை அவராகவே திறந்துவிட்டார். "துணைக்கு இருக்கிற அம்மாகிட்ட சொல்லியிருப்பீங்களே? பால அந்தம்மாவுக்குன்னுதானே ஊத்துனீங்க?"

"சொன்னோம்" என்றாள் அலாரம்.

"சொன்னோம்" என்றாள் என் மனைவி.

ஒன்பது வருஷத்தில் பகலும் ராத்திரியும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

பெரிய சிஸ்டர் நேராகப் பதினாலாம் கட்டிலுக்குப் போனார். "ராத்திரி சிஸ்டர் உங்ககிட்ட சொன்னாங்கல்ல, குடுக்கக் கூடாதுன்னு? ஏம்மா குடுத்தீங்க?" அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். "சொன்னாங்களா? அசதில தூங்கிட்டேன் போலிருக்கு" என்றாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "என் தப்புதான் சிஸ்டர், மன்னிச்சிருங்க" என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். டிரைவர் தன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று நான் படி இறங்கும்போது அவள் வந்தாள். படியிலேயே உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்பதுதான்.

"அந்தம்மா கை கூப்புது..."

"சும்மா இரு. சனிக்கிழமை லெட்டர் வரட்டும். வாயத் திறந்து கெடுத்துக்காத."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க நேரம் இல்லை, கடைக்கு நாழியாகிவிட்டது.

டிரைவருக்கு வலி அதிகமாக இருந்ததால் ஊசி போட்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் அவர் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார், நர்ஸ் கொடுத்தால் வாங்குவார். அந்தப் பெண் டூட்டி மாறும் ஒவ்வொரு நேரமும், வருகிற நர்சிடமும் போகிற நர்சிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள். அலாரம் குரலைக் குறைத்துக்கொண்டாளாம். ஒப்படைப்பது பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. புதனும் வியாழனும் என் மனைவிக்குப் பேருந்து கிடைத்தது. எட்டு ஐந்துக்கு வந்து எதிரே உட்காருவாள். தட்டில் வைத்ததைத் தொட மாட்டாள். நான் லெட்டர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டும், பகல் டூட்டிக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எந்தப் பேருந்து என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வந்து சேர எட்டு நாற்பது ஆகிவிட்டது.

"சொல்லிட்டேன்" என்றாள்.

டிரைவருக்கு அன்று டிஸ்சார்ஜ். ஒப்படைக்க நடந்து வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி பைகளைக் கட்டிவிட்டு மறுபடியும் கையைக் கூப்பினாள். என் மனைவி அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, டிரைவரிடம் சொன்னாளாம். "இவங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு ஆபரேஷன்னு எனக்கே தெரியாது. பால உங்களுக்குன்னு ஊத்தி வச்சது நான்தான்."

அலாரம் பக்கத்தில்தான் நின்றாள். நானும் சொல்லவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பதினஞ்சாம் கட்டில்" என்றபடி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். பெரிய சிஸ்டர் பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெமோவை அப்போதே எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். பகல் இடம் வேறொருத்திக்கு.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? ஒன்பது வருஷம். கதவு திறந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "யாரு கேட்டா உன்ன? அவங்க மூட்டை கட்டிட்டாங்க! இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருந்தா வீட்டுக்குப் போயிருப்பாங்க! எல்லாம் முடிஞ்சிருக்கும்!"

அவள் மெமோவை மேசை மேல் வைத்தாள்.

"நான் சொன்னதும் அந்தம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா?"

"திட்டியிருக்கும். வேற என்ன?"

"திட்டல. 'அப்ப நான் எதையும் மறக்கலியா சிஸ்டர்? மூணு நாளா எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். சொன்னது ஞாபகமே வரல. அப்ப நெஜமாவே சொல்லலியா?'ன்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள அழுதுருச்சு. அவரு எழுந்து வந்து அது கையில இருந்த பைய வாங்கிக்கிட்டாரு."

கறுப்புத் துணி போட்ட அறைக்குள் போகப் போனவள் நின்று திரும்பினாள்.

"இந்த மூணு நாள்ல நீங்க லெட்டர் வந்துச்சான்னு எத்தனை தடவ கேட்டீங்க? அந்தம்மா எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில், நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணி எட்டு ஐம்பது. எனக்குப் பத்து நிமிஷம் ஏற்கெனவே தாமதம். அவளை எழுப்பி ஏதாவது சொல்ல வேண்டும் என்று கதவுவரை போனேன். தட்டாமலே திரும்பினேன். சத்தம் கேட்காமல் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.